வண்டிக்கு எத்தனை வயசு?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோது சித்தப்பா இரண்டு ஜோடி கண்மலர் வாங்கினார். ஒரு ஜோடி போதாதா என்று கேட்டேன். "ஒண்ணு கண்ணுக்குப்பா. இன்னொண்ணு லைசென்ஸுக்கு" என்றார். கடைக்கார அம்மா சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

கண்மலர் என்றால் தகட்டில் அடித்த இரண்டு கண்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மாரியம்மனுக்குக் கண் நோவு தீர நேர்ந்துகொண்டு கண்மலர் சாத்துவது கரிசல் காட்டின் பழைய வழக்கம். சிவகாசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் நடந்தே வருகிறவர்கள் ஏராளம். சித்தப்பா நடக்கிற ஆள் இல்லை. சாத்தூரிலிருந்து எட்டு கிலோமீட்டரைத் தன் மாருதி 800-இல்தான் வருவார். 2009-இல் வாங்கிய வண்டி. வெள்ளை நிறம் என்று ஆர்சி புக்கில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு வயது 71. பேனா நிப்புப் பட்டறையில் நாற்பது வருஷம் கணக்கெழுதியவர். அதனால் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை வாசிக்காமல் கீழே வைக்க மாட்டார். அன்றைக்குக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டுக்குள்ளிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் மடியில் போட்டார். ஒன்று கார் இன்சூரன்ஸ். மற்றது அவருக்கும் சித்திக்கும் போட்டிருக்கிற மருத்துவ இன்சூரன்ஸ். "ரெண்டையும் பாரு. ஒருத்தன் என் வயசக் கேட்கவே இல்ல. இன்னொருத்தன் வருஷா வருஷம் என் வயச எண்ணிக்கிட்டே இருக்கான்."

இந்தக் கட்டுரை அந்த மடியில் தொடங்கியது.

மருத்துவ இன்சூரன்ஸில் வயது ஏற ஏற பிரீமியம் ஏறும் என்பது ஊரறிந்த கதை. அந்த ஏற்றம் கைமீறிப் போனதால்தான் 2025 ஜனவரியில் இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம், மூத்த குடிமக்களுக்கு ஒரே வருஷத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதாக இருந்தால் தன்னைக் கேட்க வேண்டும் என்று கடிவாளம் போட்டது. அதை இன்னொரு வாரம் பேசலாம். எனக்கு வியப்பாக இருந்தது மற்ற காகிதம். லண்டனிலோ டொரண்டோவிலோ 71 வயதுக்காரர் கார் இன்சூரன்ஸ் போடப் போனால் முதல் கேள்வியே பிறந்த தேதிதான். இங்கே ஏன் அப்படி இல்லை?

நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது உண்மையில் இரண்டு பாலிசிகளின் கூட்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு நேர்கிற உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும். இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. இதன் விலையை எந்தக் கம்பெனியும் தன்னிஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த பட்டியல்படி 1000 சிசிக்குள் இருக்கும் சொந்தக் காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416. அதையும் தாண்டினால் 7,897. சித்தப்பாவின் வண்டி 796 சிசி. 2,094-உம் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 2,471 ரூபாய். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை நேற்று எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிய பதினெட்டு வயதுப் பையனுடையதா, எழுபது தாண்டியவருடையதா என்பது பட்டியலுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்ஜின் எவ்வளவு பெரிசு என்பது ஒன்றுதான் கேள்வி.

இரண்டாவது ஓன் டேமேஜ். நம் வண்டிக்கு நேர்கிற சேதத்துக்கு. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண அட்டவணையில் இதற்கும் ஒரு கணக்கு இருந்தது. வண்டியின் மதிப்பு, சிசி, வண்டி எந்த ஊரில் ஓடுகிறது, வண்டிக்கு எத்தனை வயது. சென்னை மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் எல்லாம் மிச்சமுள்ள ஊர்களோடு இன்னொரு மண்டலம். வண்டியின் வயது ஐந்துக்குள்ளா, பத்துக்குள்ளா, அதற்கு மேலா என்று மூன்று படி. ஓட்டுகிறவரின் வயதுக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 2007 ஜனவரி முதல் தேதி இந்தப் பகுதியின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. கம்பெனிகள் தங்கள் தள்ளுபடியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் நம் ஊர் வழக்கத்தில் இன்றைக்கும் முதல் கேள்வி "வண்டி எந்த வருஷ மாடல்?" என்பதுதான்.

ஆக, நம் நாட்டில் முதுமைக்குத் தண்டனை உண்டு. அது வண்டிக்கு. ஐந்து வயதைத் தொடும்போது காரின் காப்பீட்டு மதிப்பு பாதியாகிவிடுகிறது. பதினைந்து வயதானால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. கூடவே பசுமை வரி. சித்தப்பாவின் மாருதி இந்தச் சடங்கையெல்லாம் 2024-இல் முடித்துவிட்டது. ஒரு வேடிக்கை: வண்டி ஐம்பது வயதைத் தாண்டி, 'விண்டேஜ்' என்று பதிவாகிவிட்டால் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. அந்தப் பட்டியலில் முதுமைக்கு மரியாதை இருக்கிற ஒரே வரி அதுதான். அதுவரை தாக்குப்பிடிக்கிற மாருதியை நான் பார்த்ததில்லை.

இதை வைத்து நம் நாட்டில் வயதான ஓட்டுநருக்கு ஓரவஞ்சனை இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். முடிக்கவிடவில்லை சித்தப்பாவின் இரண்டாவது கண்மலர்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, 55 வயதுக்கு மேல் லைசென்ஸுக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான். நாற்பது தாண்டியவர் புதுப்பிக்கப் போனால் படிவம் 1ஏ வேண்டும். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தகுதிச் சான்று. இதில் தப்பொன்றும் இல்லை. சிக்கல் வேறிடத்தில். முன்பெல்லாம் லைசென்ஸ் காலாவதியான பின்னும் முப்பது நாள் அது செல்லும் என்று சட்டத்தில் ஒரு கருணை இருந்தது. அதே 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பிப்பதற்குக் காலாவதிக்கு முன் ஒரு வருஷம், பின் ஒரு வருஷம் என்று தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காலாவதியான நாளுக்கும் புதுப்பித்த நாளுக்கும் நடுவே வண்டி ஓட்டினால், ஓட்டுகிறவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். ஒரு வருஷமும் தாண்டிவிட்டால் மறுபடியும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இருபது வயதில் எடுத்தவனுக்கு நாற்பது வரை இந்தக் கவலை இல்லை. எழுபதில் இருப்பவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. தேதி மறந்துபோகிற வயதில்தான் தேதியும் அடிக்கடி வருகிறது.

மறந்து ஓட்டி, ஒருவர் மேல் இடித்துவிட்டால்? அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லையே. 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியைத் தெளிவாக்கியது: முதலில் கொடு, தகுதியான வழக்காக இருந்தால் பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள். பென்ஷனில் ஓடுகிற வீட்டுக்கு அந்த வசூல் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓன் டேமேஜ் கிளெய்ம் வாசலிலேயே நிற்கும். வண்டிச் சொந்தக்காரரே ஓட்டிப்போய் இறந்தால் 15 லட்சம் தருகிற தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2018-இல் உயர்த்தப்பட்டது, அதில் தொகை எல்லா வயதுக்கும் ஒன்றுதான். நம் மோட்டார் இன்சூரன்ஸில் எனக்குப் பிடித்த விஷயம் அது. ஆனால் அதற்கும் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும்.

பிரீமியத்தில் கேட்காத வயதைக் கிளெய்மில் கேட்கிறார்கள். வாசலில் விசாரிக்காமல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, இலை போடும்போது நீ யார் என்று கேட்கிற மாதிரி.

இன்னும் கூர்மையாக வயதைக் கேட்கிற இடம் ஒன்று உண்டு. வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். இறந்தவரின் வருஷ வருமானத்தை ஓர் எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். அந்தப் பெருக்கெண்ணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணையாகவே கொடுத்தது. 25 வயது வரை 18. 36 முதல் 40 வரை 15. 51 முதல் 55 வரை 11. 61 முதல் 65 வரை 7. 66 முதல் 70 வரை 5. பிறகு 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வருங்கால உயர்வையும் கூட்டச் சொன்னது. சுயதொழில் செய்பவருக்கு நாற்பதுக்குள் 40 சதவீதம், ஐம்பதுக்குள் 25, அறுபதுக்குள் 10. அறுபதுக்கு மேல் ஒன்றுமில்லை.

நிப்புப் பட்டறைக்காரர் வளர்த்த பிள்ளை நான். கணக்கைப் போட்டே பார்த்துவிடுகிறேன். சாத்தூர் நால்வழிச் சாலையைக் கடக்கும்போது இரண்டு பேர் ஒரே லாரியில் அடிபட்டு இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் காராச்சேவுக் கடைக்காரர்கள், இருவருக்கும் மாத வருமானம் 12,000. ஒருவருக்கு வயது 38. மனைவி, இரண்டு பிள்ளைகள். 40 சதவீதம் கூட்டினால் 16,800. வருஷத்துக்கு 2,01,600. அவருடைய சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,34,400. அதை 15-ஆல் பெருக்கினால் 20,16,000. மற்றவருக்கு வயது 64. மனைவியும் கல்யாணமாகாத மகளும் அவரை நம்பி இருக்கிறார்கள். கூட்டல் கிடையாது. வருஷத்துக்கு 1,44,000. மூன்றில் ஒன்று கழிந்தால் 96,000. 7-ஆல் பெருக்கினால் 6,72,000. சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஈமச்சடங்கு வகையறாத் தொகைகள் இருவருக்கும் தனி.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. இழப்பீடு உயிருக்கு விலை அல்ல, அவரை நம்பியிருந்தவர்கள் இழந்த வருமானத்துக்கு. 64 வயதுக்காரர் இன்னும் எத்தனை வருஷம் கடை நடத்தியிருப்பார் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கரிசல் காட்டில் அறுபதில் ஓய்வு என்று எவன் சொன்னான்? தீப்பெட்டி ஒட்டுகிற பாட்டிக்கு, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிற தாத்தாவுக்கு ரிட்டயர்மென்ட் தேதி என்று ஒன்று உண்டா? இந்த அட்டவணை மாதச் சம்பளக்காரனின் ஆயுளை அளவெடுத்துத் தைத்த சட்டை.

பட்டாசு ஆலைக் குடும்பங்களுக்கு இந்த மாதிரி அட்டவணை புதிதும் அல்ல. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இருந்தது. ஈஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலையில் இறந்தவருக்கு மாதச் சம்பளத்தில் பாதியை அதில் இருந்த எண்ணால் பெருக்கினார்கள். இருபது வயதுக்கு 224. அறுபத்தைந்துக்கும் அதற்கு மேலும் 99.37. கணக்கில் எடுத்துக்கொண்ட சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்பில் வைத்தால் இளைஞனுக்கு 16,80,000. பெரியவருக்கு 7,45,275. ஒரே அறை, ஒரே தீ.

சரி, பிரீமியத்தில் வயதைப் பார்க்கலாமா என்கிற கேள்வியை வெளிநாட்டுக்காரர்கள் எப்படித் தீர்த்தார்கள்? பெரும்பாலும் தீர்க்கவில்லை. இளைஞனுக்கு ஏகப்பட்ட பிரீமியம், நடுவயதில் குறைவு, எழுபதை ஒட்டி மறுபடி ஏற்றம் என்பதுதான் அங்கே பொதுவான வளைவு. ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் ஆண் பெண் வித்தியாசம் பார்த்து விலை வைக்கக் கூடாது என்றது. 2012 டிசம்பரில் அது அமலானது. வயதைத் தொடவில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் வயது விஷயத்தில் நிதிச் சேவைகளுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் வேறு வழி போனது: முதலில் ஓட்டுகிறவரின் விபத்து வரலாறு, அடுத்து வருஷத்துக்கு எத்தனை மைல், அடுத்து எத்தனை வருஷ அனுபவம். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஈழத் தமிழர்கள் நிறைந்த ஒன்டாரியோவில் இதே கேள்வி மறுமுனையிலிருந்து வழக்காக வந்தது. இருபது வயதுப் பையன் ஒருவன், விபத்தே செய்யாத என்னிடம் ஏன் கூடுதல் வாங்குகிறீர்கள் என்று கேட்டான். கனடா உச்ச நீதிமன்றம் 1992-இல் கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அப்போது கையில் வேறு புள்ளிவிவரம் இல்லை என்பது காரணம். ஆனால் வேறு வழியைத் தேடாமல் இப்படியே காலம் தள்ளக் கூடாது என்றும் சொல்லிவைத்தது. அதே ஒன்டாரியோவில் எண்பது வயதானவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டி, ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. சந்தேகம் வந்தால் கண்ணைப் பார்.

கண் என்றதும் இந்தப் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். சரளா வர்மா அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கெண் 9. அவர் அதற்குப் பின் கட்டியதைப் பெருக்க எந்த எண்ணும் போதாது.

மருத்துவமனையை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, கண்புரை அறுவை செய்துகொண்ட வயதானவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் சுமார் பாதி என்று காட்டியது. அப்படியென்றால் ஆபத்து பிறந்த தேதியில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. லென்ஸை மாற்றலாம். பிறந்த தேதியை என்ன செய்வது?

இந்த விஷயத்தில் என் கட்சி சித்தப்பா கட்சியே அல்ல. வயதைப் பார்க்காத நம் பிரீமியத்தை நான் கொண்டாடவில்லை. அது நியாயத்தினால் வந்ததில்லை, சோம்பலினால் வந்தது. யார் ஓட்டுகிறார், எவ்வளவு ஓட்டுகிறார், எப்படி ஓட்டுகிறார் என்று யாரும் கேட்காமல் இருந்ததால் வந்த சமத்துவம். கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2022 ஜூலையில் ஓன் டேமேஜில் 'ஓட்டுகிற தூரத்துக்குக் கட்டு', 'ஓட்டுகிற விதத்துக்குக் கட்டு' என்ற திட்டங்களுக்கு ஆணையம் அனுமதி கொடுத்தது. மாதத்துக்கு ஒரு தடவை இருக்கன்குடி, ஒரு தடவை சந்தை என்று ஓட்டுகிற பெரியவர்களுக்கு இது நல்ல காலம்தான். ஆனால் கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் பிறந்த தேதியும் ஒருநாள் விலைக்குள் வரும். நம் அரசமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்று எண்ணிச் சொல்கிற பட்டியலில் வயது இல்லை. அந்த நாள் வருவதற்கு முன்னால் படிவம் 1ஏ-வை உண்மையான பரிசோதனையாக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். இன்றைக்கு அது பல இடங்களில், ஆளை ஏறிட்டுப் பார்க்காமல் போடப்படுகிற கையெழுத்து. நானே அப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். போர்டைப் படிக்கச் சொல்வார்கள் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனேன். டாக்டர் பெயரை மட்டும் கேட்டார்.

சித்தப்பா அப்படி விடுகிறவர் இல்லை. போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார். எதிர் வண்டியின் எல்இடி வெளிச்சம் ஊசி மாதிரி குத்துகிறது என்று இரவில் ஓட்டுவதைத் தானாகவே நிறுத்தினார். "ஆறு மணிக்கு மேல சாவி உங்கிட்ட" என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இதற்கு எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தராது.

கண்மலர் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மணி ஐந்தரை. வெயில் இன்னும் இருந்தது. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வருகிற உடல்தகுதி உறுதிமொழியில் ஒரு கேள்வி உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சித்தப்பா அதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைப் பக்கம் நின்றிருந்த வேனுக்கு எதிரே முப்பது தப்படி நடந்து போய்த் திரும்பி நின்றார்.

"டிஎன் 67" என்று ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "கடைசி நம்பர் எட்டு."

"மூணு சித்தப்பா" என்றேன்.

"எட்டுப்பா."

வாக்குவாதம் முற்றியது. வேனில் முடிகாணிக்கைக்கு வந்த குடும்பம் ஒன்று சேவு தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்த்தது. கடைசியில் இரண்டு பேரும் பக்கத்தில் போய்ப் பார்த்தோம்.

எட்டு.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குத் திரும்பி வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "உன் லைசென்ஸ் என்னைக்கு முடியுது?" என்று கேட்டார். எனக்கு 47 வயது. மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது.